கேளாமல் விதைத்த ஒன்பது பரப்பு

நாவல்வெளி,
பருத்தித்துறை.
05.07.2025

தங்கச்சி பியாட்றிசுக்கு,

இதை எழுதுவது உன் அண்ணன் டானியல். வேறு யாரும் எழுதித் தரவில்லை. நம்பாவிட்டால் எழுத்தைப் பார். இவ்வளவு கோணலாக எழுதுவதற்கு நான் ஆள் பிடிப்பேனா?

எழுபத்திரண்டு வயதில் எழுதப் படித்துவிட்டேன். எங்கள் வேதக்கோவில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. தனுஷா என்ற பிள்ளை சொல்லித் தருகிறாள். ஒன்பது பேர் தொடங்கினோம், நாலு பேர் மிஞ்சினோம். நாலு பேரில் நான்தான் முதலாவது. இதை நானே சொல்வது அழகில்லை. ஆனால் நான் சொல்லாவிட்டால் உனக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை.

ஏன் படித்தேன் என்று கேட்பாய். உன் மச்சாள் ஜெனிற்றா இருந்தவரை வீட்டில் வாசிக்கிற வேலை அவளுடையது. அவள் போன பிறகு ஒருநாள் லைற் பில் வந்தது. கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரன் அதை எனக்கு மட்டுமா வாசித்தான்? பாண் வாங்க நின்ற அத்தனை பேருக்கும் வாசித்தான். "டானியல் அண்ணை, ரெண்டு மாசமாக் கட்டேல்லையாம். வந்து வெட்டப்போறாங்களாம்." அன்றைக்கே முடிவெடுத்தேன்.

இப்போது கண்ணில் படுவதை எல்லாம் வாசிக்கிறேன். சவர்க்கார உறை, பஸ்ஸின் பெயர்ப்பலகை, மருந்துப் போத்தல். போன கிழமை அதே கடையில் வாங்கிய பிஸ்கற்றில் திகதி முடிந்திருந்தது. திருப்பிக் கொடுத்தேன். பாண் வாங்க நின்றவர்களுக்குக் கேட்கும்படி வாசித்துத்தான் கொடுத்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கை நோகிறது, நாளைக்கு எழுதுகிறேன்.

இன்று ஞாயிறு. அப்பா எனக்குத் தந்த வயல் பதின்மூன்று பரப்பு. பக்கத்தில் உனக்குச் சீதனமாக எழுதியது ஒன்பது. நீ தெல்லிப்பழைக்குக் கலியாணம் கட்டிப் போனபின் இரண்டையும் நானே விதைத்தேன். வருடாவருடம் உன் பங்கு நெல்லை மூட்டையாகக் கட்டி அனுப்பினேன். நடுவில் இருந்த வரம்பை 2012ஆம் ஆண்டு வெட்டினேன். களவுக்கு இல்லை. பெரிய உழவு மெசின் திரும்ப இடம் போதவில்லை. மெசின்காரன் கேட்டான்: "அண்ணை, உந்த வரம்பு நிண்டால் நான் என்ன, மெசினைத் தோளிலை தூக்கி வைச்சோ திருப்புறது?"

அதற்கு நீ என்ன செய்தாய்? 2015 நத்தார் ஆராதனை முடிந்து சனம் எல்லாம் வாசலில் நிற்க, "நீங்கள் ஒரு கள்ளன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அடுத்த வருடம் நெல்லையும் திருப்பி அனுப்பினாய். அந்த மூட்டையை நான் தின்னவில்லை. கோவில் அறுப்பின் ஆராதனைக்குக் கொடுத்தேன்.

பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலத் தூரத்தில் இருந்துகொண்டு பத்து வருடமாக நீயும் நானும் முகம் பார்க்கவில்லை. ஃபோன் எடுத்தால் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

ஒரு வரம்புக்காக ஒருவனைக் கள்ளன் என்பதா? அது பிழை என்று எழுத்தில் தா. வாசிக்க இங்கே இப்போது ஆள் இருக்கிறது.

டானியல்

----

தெல்லிப்பழை,
14.07.2025

திரு. டானியல் அவர்களுக்கு,

உங்கள் 05.07.2025 திகதிய கடிதம் கிடைத்தது.

எழுத்து உங்களுடையது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரிக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவள் நான். ஒருவர் எழுதினாரா, எழுதுவித்தாரா என்று எனக்குத் தெரியும்.

ஜெனிற்றா மச்சாளின் அடக்க ஆராதனைக்கு வந்து கடைசி வாங்கில் இருந்துவிட்டுப் போனேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லவும் இல்லை.

உங்கள் கடிதத்தில் உள்ள ஒரு பிழையைத் திருத்த வேண்டும். வரம்புக்காக நான் உங்களை அப்படிச் சொல்லவில்லை. மெசின் திரும்ப வேண்டும் என்பது எனக்கும் விளங்கும். கேட்டிருந்தால் நானே வெட்டச் சொல்லியிருப்பேன்.

அந்த மார்கழியில் மகள் நிமலினியின் கலியாண அலுவலாக வயலின் பதிவுப் பிரதி ஒன்று எடுக்க உங்கள் ஊர்க் கமநலக் கந்தோருக்குப் போனேன். பதிவேட்டில் என் பெயர் இல்லை. இருபத்திரண்டு பரப்பும் டானியல் என்ற பெயரில் ஒரே துண்டாக இருந்தது. உர மானியமும் முழுவதற்கும் நீங்களே எடுத்திருந்தீர்கள். கீழே உங்கள் கைநாட்டு. எனக்குத் தந்த சீதனம் ஒரு பெருவிரல் அடையாளத்துக்குக் கீழே போய்விட்டது.

வாசிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தேன் என்று சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் அதையும் சொல்லவில்லை. பத்து வருடம் ஒன்றுமே சொல்லவில்லை.

இப்போது வாசிக்கத் தெரியும் என்கிறீர்கள். நல்லது. வருகிற காலபோக விதைப்புக்கு மானியம் பெறுவோர் பட்டியல் கந்தோர் வாசலில் ஒட்டியிருப்பார்கள். போய் வாசியுங்கள். அதன் பிறகும் எழுத விருப்பமிருந்தால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பியாட்றிஸ்

----

நாவல்வெளி,
25.07.2025

தங்கச்சி பியாட்றிசுக்கு,

போனேன். வாசித்தேன்.

பட்டியல் நாலு பக்கம். என் பெயர் எங்கே இருக்கும் என்று தெரியாதபடியால் முதல் பெயரில் இருந்து தொடங்கினேன். பின்னால் நின்ற ஒரு மனிசி, "ஐயா, பேரைச் சொல்லுங்கோ, நான் பாத்துச் சொல்லுறன்" என்றாள். "வேண்டாம் பிள்ளை, நான் இந்த நாளுக்குத்தான் ஒண்டரை வருசம் படிச்சனான்" என்றேன். அவள் ஒதுங்கி நின்றாள். வெயில் ஏறிவிட்டது. ஊரில் யார் யாருக்கு எத்தனை பரப்பு என்று எனக்கு இப்போது பாடம்.

மூன்றாம் பக்கத்தில் டானியல் என்று இருந்தது. அப்பாவின் பெயரும் சரியாக இருந்தது. உனக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு முதலில் வந்தது சந்தோசம். என் பெயரை அச்சில் நானே கண்டது அதுதான் முதல் தடவை. விரலால் தொட்டுப் பார்த்தேன். பிறகுதான் பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்தேன். 22.

மூன்று தரம் வாசித்தேன். பதின்மூன்றாக மாறவில்லை.

உள்ளே போனேன். அங்கே உத்தியோகத்தர் லக்ஷன் என்ற தம்பி இருக்கிறார். பழைய கோப்பை எடுத்துக் காட்டினார். வரம்பு வெட்டிய அடுத்த வருடம் கமக்காரர் அமைப்பில் இருந்து அளக்க வந்திருக்கிறார்கள். ஒரே துண்டாகக் கிடந்ததால் ஒரே துண்டாக எழுதிவிட்டார்கள். நான் கைநாட்டு வைத்திருக்கிறேன். அமைப்பின் செயலாளர் றெஜியை வீதியில் பிடித்துக் கேட்டேன். "அண்ணை, நான் கண்டபடி எழுதினனான். எழுதி முடிச்சு உங்களிட்டைத்தானே நீட்டினனான். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே" என்றான். அன்றைக்கு அவன் நீட்டிய கடதாசி எனக்கு எறும்பு ஊர்ந்த மண் மாதிரித்தான் இருந்தது. இவ்வளவு உரம் எப்படி வந்தது என்று நீ கேட்கலாம். அரசாங்கம் தந்தது, அளந்து தந்திருக்கும் என்று நினைத்தேன். மூட்டையாக வந்த காலம், காசாக வந்த காலம், ஒன்றும் வராத காலம் என்று எல்லாம் போய்விட்டது. நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

லக்ஷன் தம்பியிடம் இதைத் திருத்த வேண்டும் என்றேன்.

"ஐயா, விதைச்சது நீங்கள்தானே. ஒருத்தரும் முறைப்பாடு தரேல்லை. ஏன் சும்மா கிண்டுறியள்?"

"முறைப்பாடு நான் தாறன்."

"ஆருக்கு எதிரா?"

"எனக்கு எதிரா."

அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, "இஞ்சை வாங்கோ, இவர் தனக்கு எதிரா முறைப்பாடு குடுக்க வந்திருக்கிறாராம்" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கதிரையை விட்டு எழும்பவில்லை. கடைசியில், திருத்தலாம், அதற்கு உரித்தாளி, அதாவது காணிக்குச் சொந்தக்காரி, வர வேண்டும் என்றார்.

போன கடிதத்தில் நீ சொன்னது பிழை என்று எழுதித் தரச் சொன்னேன். தர வேண்டாம். நீ சொன்னது சரி.

ஆனால் அது சரி என்பதை நானே வாசித்துத்தான் கண்டுபிடித்தேன். அதையும் குறித்துக்கொள்.

டானியல்

----

தெல்லிப்பழை,
02.08.2025

அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நிமலினி என்ன கடிதம் என்று கேட்டாள். கந்தோர்க் கடிதம் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் இதைச் செய்வதானால் ஒழுங்காகச் செய்யுங்கள். அப்பா எழுதித் தந்த காணி உறுதியின் போட்டோப் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். மூலப் பிரதி யார் கேட்டாலும் கொடுக்க முடியாது. லக்ஷனாக இருந்தாலும் சரி, அவருக்கு மேலே இருப்பவராக இருந்தாலும் சரி. கொடுக்கும் ஒவ்வொரு கடதாசிக்கும் திகதி முத்திரை குத்திய பற்றுச்சீட்டு வாங்குங்கள். "பிறகு தாறம் ஐயா" என்றால் அங்கேயே இருங்கள். கதிரையை விட்டு எழும்பாமல் இருக்க உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. அளக்க வருகிறவர் உறுதியைப் பார்க்க மாட்டார், தரையைப் பார்ப்பார். இரண்டு துண்டு என்று எழுத வேண்டுமானால் தரையில் இரண்டு துண்டு இருக்க வேண்டும். வரம்பைத் திரும்பக் கட்டுங்கள். முன்பு இருந்த இடத்தில். கூலிக்கு ஆள் பிடித்துச் செய்யுங்கள், நீங்கள் மண்வெட்டி தூக்க வேண்டாம். இரத்த அழுத்தத்துக்குக் குளிசை போடுகிறீர்களா? போத்தலை வாசிப்பதாகச் சொன்னீர்கள், குடிப்பதாகச் சொல்லவில்லை.

நான் அந்த வெளியில் இனிக் கால் வைக்க மாட்டேன் என்று சொன்னவள். அதை மறந்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். வர வேண்டிய தேவை இல்லாமல் கடதாசியில் முடிக்கப் பாருங்கள்.

பியாட்றிஸ்

----

நாவல்வெளி,
21.08.2025

தங்கச்சி பியாட்றிசுக்கு,

வரம்பு கட்டிவிட்டேன். ஆள் பிடிக்கவில்லை. வெட்டியது நான், கட்டுவதும் நான்.

ஆறு நாள் எடுத்தது. ஆவணி வெயிலில் அந்த மண் கல்லாகக் கிடக்கிறது. மண்வெட்டி பட்டால் துள்ளுகிறது. அலவாங்கால் குத்திக் குத்தித்தான் கிளப்பினேன். காலையில் இரண்டு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம். குளிசையும் போட்டேன். ஒரு நாளைக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் என்று எழுதியிருக்கிறது. மூன்று வருடமாகச் சாப்பாட்டுக்கு முன்தான் போட்டிருக்கிறேன்.

முன்பு இருந்த இடம் எது என்று தேடினேன். வடக்குப் பக்க எல்லைக்கல் மண்ணுக்குள் ஒரு முழ ஆழத்தில் கிடந்தது. தெற்குக் கல்லைக் காணவில்லை. அதனால் சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் அரை முழம் என் பக்கம் தள்ளிக் கட்டினேன். யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

மெசின்காரன் வீதியால் போனவன் நிறுத்திப் பார்த்தான். "என்னண்ணை, வெட்டச் சொன்னன், வெட்டினியள். இப்ப திரும்பக் கட்டுறியள். வயலுக்கு இனி ஆரைக் கேக்கிறது?" என்றான். "உரித்தாளியைக் கேள்" என்றேன். "ஆர் உரித்தாளி?" என்றான். உன் பெயரைச் சொன்னேன். பத்து வருடத்துக்குப் பிறகு உன் பெயரை அந்த வெளியில் நின்று உரத்துச் சொன்னேன். நல்லாக இருந்தது.

இனி, கடதாசியில் முடியாது. லக்ஷன் தம்பி செப்ரெம்பர் 23ஆம் திகதி செவ்வாய்க்கிழமை வயலுக்கு வருகிறார். 26ஆம் திகதியோடு பட்டியல் மூடுகிறார்கள். அதற்குள் திருத்தாவிட்டால் இந்தப் போகமும் உன் ஒன்பது பரப்பு என் பெயரில்தான் போகும். உரித்தாளி நேரே நிற்க வேண்டுமாம். தானே விதைப்பதாகச் சொன்னால் மானியமும் அவர் பெயருக்கே வருமாம். பெரிய காசு இல்லை, ஐயாயிரத்துச் சொச்சம். ஆனால் உன்னுடையது.

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து முழுவதும் வாசித்தேன். ஒன்பதாம் கேள்வி இப்படி இருக்கிறது: இதுவரை காணியில் பயிர் செய்தவர், அதை எந்த அடிப்படையில் செய்தார்? குத்தகை, உரித்தாளியின் அனுமதி, அனுமதியின்றி. மூன்று பெட்டி. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. தனிக் கடதாசியில் எழுதித் தரப்போகிறேன்.

23ஆம் திகதி காலை வா. பருத்தித்துறை பஸ் நிலையத்தில் நிற்பேன்.

டானியல்

----

தெல்லிப்பழை,
30.08.2025

அண்ணைக்கு,

அரை முழம் உங்கள் காணியில் எனக்கு வேண்டாம். அப்பா தந்தது ஒன்பது பரப்பு. ஒன்பது பரப்பும் அரை முழமும் தரவில்லை. இருந்த இடத்துக்கு மாற்றுங்கள்.

மற்ற விஷயம். நான் யோசித்துவிட்டேன். இதை இத்துடன் விடுவோம்.

காரணம் சொல்கிறேன். நீங்கள் வாசித்த ஒன்பதாம் கேள்வியை நான் உங்களைவிடக் கூட வாசித்தவள். இதைப் போன்ற கேள்விகளோடுதான் என் உத்தியோகம் போனது. "அனுமதியின்றி" என்ற பெட்டியில் அடையாளம் விழுந்தால் அது அங்கேயே நிற்காது. இத்தனை வருடம் யாருடைய காணிக்கு யார் மானியம் எடுத்தார் என்று மேலே இருந்து ஒருவர் கேட்பார். விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். உங்களை ஒரு மேசைக்கு முன்னால் நிறுத்துவார்கள். ஊர் அதையும் பாண் கடையில் நின்று கதைக்கும்.

பத்து வருடத்துக்கு முன்பு அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இப்போது வேண்டாம். உங்கள் மூன்றாவது கடிதம் என்னிடம் இருக்கிறது, அது போதும். வயல் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். நீங்களே விதையுங்கள். நான் முழங்கால் நோவோடு பஸ் ஏறி வந்து அங்கே என்ன செய்யப்போகிறேன்?

தனிக் கடதாசி ஒன்றும் எழுத வேண்டாம். எழுதியிருந்தால் கொடுக்க வேண்டாம்.

பியாட்றிஸ்

பி.கு. அது மூன்றாவது கடிதம் இல்லை, இரண்டாவது. மூன்றாவது வரம்புக் கடிதம்.

----

நாவல்வெளி,
09.09.2025

தங்கச்சி,

வரம்பை அரை முழம் மாற்றிவிட்டேன். இன்னும் இரண்டு நாள் வேலை. ஒரு சந்தோசம், உன் பக்கம் மண் கொஞ்சம் இளகல்.

மற்றதற்குப் பதில் சொல்கிறேன். ஆறுதலாக வாசி, ஆறுதலாகத்தான் எழுதினேன்.

எழுதப் படிக்காதவனுக்கு ஒரு வசதி உண்டு. எந்தக் கடதாசியும் அவனைப் பார்க்காது. அவன் நிமிர்ந்து நடக்கலாம். நான் பத்து வருடம் அப்படித்தான் நடந்தேன். உன்னில் கோபமும் வைத்துக்கொண்டு நடந்தேன். இனி முடியாது. ஒவ்வொரு போகமும் அந்தப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். நான் அதைத் தாண்டித்தான் சந்தைக்குப் போக வேண்டும். என் பெயருக்கு நேரே 22 என்று இருக்கும். பார்க்காமல் போகச் சொல்கிறாயா? எழுத்துத் தெரிந்த கண் பார்க்காமல் இருக்காது. அது தானாக வாசிக்கிறது.

மேசைக்கு முன்னால் நிறுத்துவார்கள் என்கிறாய். நிறுத்தட்டும். என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. நானே வாசித்து, ஓம் என்பேன்.

பாண் கடைக்கு நான் பயமில்லை. அங்கே இப்போது ஒரு பொருளை எடுத்துக் கொடுக்கும் முன் திகதி பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

தனிக் கடதாசி எழுதத் தொடங்கிவிட்டேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் கொடுப்பேன். ஆனால் நீ வராவிட்டால் அதை மட்டும் கோப்பில் போட்டுவிட்டு, உன் காணியை என் பெயரிலேயே விடுவார்கள். கள்ளனும் நான், உரித்தாளியும் நான் என்று ஆகும். அப்படி ஒரு பெயரோடு என்னை விடப்போகிறாயா?

முழங்காலுக்கு வீட்டில் கதிரை இருக்கிறது. வயலுக்கும் தூக்கி வருவேன்.

செவ்வாய்க்கிழமை.

அண்ணன்

----

தெல்லிப்பழை,
28.09.2025

அண்ணைக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். என் பஸ் வரும்வரை, வந்து போன பஸ்களின் பெயர்ப்பலகைகளை மட்டும் உரத்து வாசித்துக்கொண்டு நின்றீர்கள். கோபம் எனக்கு விளங்காமல் இல்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் வரம்பு. நேராகக் கட்டியிருக்கிறீர்கள். நான் அன்று சொல்லவில்லை. கதிரையில் இருந்தபடி இரண்டு பக்கமும் பார்த்தேன்.

இனிக் கந்தோர். வயலில் நின்று லக்ஷன் கேட்டதற்கெல்லாம் நான் ஒழுங்காகத்தான் பதில் சொன்னேன். "இந்தப் போகம் விதைக்கிறது ஆர் அம்மா?" என்றார். "நான்தான்" என்றேன். என் செருப்பையும் என் முழங்காலையும் பார்த்தார், ஆனால் எழுதினார். கந்தோருக்குப் போனபின் ஒன்பதாம் கேள்வி வந்தது. நீங்கள் சட்டைப் பையில் இருந்து மடித்த கடதாசியை எடுத்து மேசையில் வைத்தீர்கள். தம்பி வாசித்தார். "எனது தங்கை பியாட்றிசின் ஒன்பது பரப்பைப் பத்து வருடம் அவளைக் கேளாமல் விதைத்தேன். அதற்கு வந்த மானியத்தையும் எடுத்தேன். இது என் கையால் எழுதியது." வரிசையில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நீங்கள் ஏதோ பரிசு வாங்குபவர் மாதிரி நிமிர்ந்து நின்றீர்கள்.

அதனால்தான் நான் வேறொரு கடதாசியைக் கேட்டு வாங்கி அங்கேயே எழுதினேன். "எனது தமையனார் எனது அனுமதியுடனேயே பயிர் செய்தார்." திகதி போட்டுக் கையொப்பம் வைத்தேன்.

லக்ஷன் இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, "ஐயா தான் கேக்கேல்லை எண்டுறார். அம்மா தான் குடுத்தனான் எண்டுறா. இப்ப நான் எதைக் கோப்பிலை போடுறது?" என்றார். "என்ரையை" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அந்தக் கந்தோரில் அவ்வளவு சிரிப்புக் கேட்டிருக்காது. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், "என்ரை முதல் கடதாசியைப் பொய்யாக்கிப்போட்டாய். கோவிலிலை பைபிள் வாசிக்கிற நீ, அரசாங்கத்துக்குப் பொய் எழுதினாய்" என்றீர்கள்.

நான் பொய் எழுதவில்லை, அண்ணை. காலையில் வயலில் இறங்கியபோது நீங்கள் கதிரை எடுக்க வீட்டுக்குப் போனீர்கள். அப்போது நான் அந்த வரம்பில் நின்று, அண்ணை விதைத்தது எல்லாம் என் சம்மதத்தோடு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அனுமதி கொடுத்தாயிற்று. எந்தத் திகதியில் கொடுத்தீர்கள் என்று படிவம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 23.09.2025 என்றே எழுதியிருப்பேன். முப்பத்தொரு வருடக் கிளாக்கர் நான். கேளாத கேள்விக்குப் பதில் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

கோபம் ஆறினால் எழுதுங்கள். ஆறாவிட்டாலும் எழுதுங்கள்.

தங்கச்சி

----

நாவல்வெளி,
11.10.2025

தங்கச்சிக்கு,

கோபம் ஆற ஒன்பது நாள் எடுத்தது. பத்தாம் நாள் லக்ஷன் தம்பி ஃபோன் எடுத்தார்.

"ஐயா, உங்கடை ரெண்டு கடதாசியாலை என்ரை நித்திரை போச்சுது. பட்டியல் மூட முதல் உங்கடை படிவத்தைப் பதிஞ்சிட்டன், ஆனால் கோப்பு மேலை போகவேணும். ஒண்டுக்கொண்டு மாறான ரெண்டு கடதாசி வைச்சு அனுப்பேலாது. அம்மாவைக் கேட்டால் மாத்த மாட்டன் எண்டுறா. நீங்களாவது ஒருக்கா வாங்கோ."

போனேன். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். வேண்டுமென்றே போயிருக்கிறார் என்று நினைக்கிறேன். நான் இரண்டையும் வாசித்தேன். உன் எழுத்து வடிவாக இருக்கிறது. ஒரு வரி, ஒரு வெட்டு இல்லை, ஒரு திருத்தம் இல்லை. என்னுடையது ஏழு வரி, அதில் மூன்று இடத்தில் கடதாசி கிழிந்திருக்கிறது.

என் பிழையை ஊருக்கு முன்னால் நானே எழுதிக் கொடுப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை, தங்கச்சி. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. நீ அதைக் கண்டுவிட்டாய். நீ தந்ததை வாங்கிக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது.

அவர் திரும்பி வந்தபோது ஒரு புதுக் கடதாசி கேட்டேன். வழக்கம்போல மைப்பெட்டியையும் சேர்த்து நீட்டினார். அதை அவர் பக்கமே தள்ளிவிட்டு ஒரு வரி எழுதினேன். "எனது தங்கை எழுதியது சரி." கீழே டானியல் என்று கையொப்பம் வைத்தேன். வரிசையில் இருபது பேர் நின்றார்கள். எழுதி முடியும்வரை ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. கோப்பு அன்றைக்கே மேலே போய்விட்டது. பற்றுச்சீட்டும் வாங்கினேன், முத்திரையோடு.

நேற்று புதுப் பட்டியல் ஒட்டினார்கள். பியாட்றிஸ் என்ற பெயருக்கு நேரே 9. என் பெயருக்கு நேரே 13. ஊரில் உள்ள எல்லாரையும்விடக் குறைந்த பரப்புக் கமக்காரி நீதான். போகிற வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். சிலருக்கு இரண்டு தரம்.

புதன்கிழமை மழை பெய்தது. மண் பதமாக இருக்கிறது. வருகிற வியாழன் சின்ன மெசின்காரன் வருகிறான், அவனுக்கு வரம்பு இடைஞ்சல் இல்லை. உன் விதைநெல்லை நீயே வாங்க வேண்டும், நான் வாங்கினால் அதற்கும் ஒரு படிவம் கேட்பாய். பழைய சீலை ஒன்று கொண்டு வா. நிமலினியிடம் கந்தோர் அலுவல் என்று சொல்லாதே, விதைக்கப் போகிறேன் என்று சொல்.

இன்னொரு விஷயம். லக்ஷன் தம்பியிடம் என் பழைய கடதாசியைத் திருப்பிக் கேட்டேன். "கிழிச்சுப்போடவோ ஐயா?" என்றார். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்று நாள் இருந்து எழுதியது அது. பொய் ஒன்றும் அதில் இல்லை. நான்தான் அதைப் பிழையான கந்தோருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

இத்துடன் வைத்திருக்கிறேன். உன்னிடம் இருக்க வேண்டியது.

அண்ணன் டானியல்